ஒரே அடுப்பு, இரண்டு பொட்டாசியக் கணக்கு

பிப்ரவரி கடைசியில் மாமாவுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்கலாம் என்று அதே தாளில் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் பண்ணி, "இன்னைக்கே டாக்டரைப் பாத்துடுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார்கள். சாயங்காலமே போனோம். ஈசிஜி எடுத்தார்கள், இதயத் துடிப்பில் கோளாறு இல்லை. ரத்தம் எடுக்கும்போது கையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டியிருந்தாலும், குழாயில் ரத்த அணுக்கள் உடைந்துபோனாலும் பொய்யாக அதிகம் காட்டுமாம். அதனால் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார்கள். 5.8 வந்தது.

மாமா என் கணவரின் அப்பா. வயது 71. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் மல்லாட்டையும் (நிலக்கடலை) கத்திரியும் போட்ட விவசாயி. இப்போது காட்பாடியில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரை நோய் வந்து 20 வருடம். சிறுநீரகம் பெரும்பகுதி வேலையை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.8. டயாலிசிஸ் கட்டம் வரவில்லை. அதை எத்தனை வருடம் தள்ளிப்போட முடியுமோ அத்தனை வருடம் தள்ளிப்போடுவதுதான் எங்கள் வீட்டு வேலை. ஒரு மாதமாகவே "கால்ல பலம் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசு ஆகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல என்ன உப்பு போடறீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் கணவருக்கு ரத்த அழுத்தம். டிசம்பரில் 148/92. சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று படித்து, நான்தான் போய் வாங்கி வந்தேன். பழைய உப்பு டப்பாவைக் கழுவி அதில் கொட்டி வைத்தேன். இரண்டு மாதமாக வீடு முழுக்க அதே உப்புதான்.

நான் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த உப்புக்குக் கணக்குப் போட்டேன். எங்கள் நாலு பேருக்கு ஒரு கிலோ உப்பு ஒரு மாதம் வரும். ஒரு நாளைக்கு 33 கிராம், ஆளுக்கு ஏறக்குறைய 8 கிராம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொட்டாசியம் குளோரைடு 30 சதவீதம் என்று இருந்தது. அப்படியானால் 8 கிராமில் அது 2.4 கிராம். பொட்டாசியம் குளோரைடின் எடையில் 52 சதவீதம் பொட்டாசியம். ஆக, உப்பு வழியாக மட்டும் மாமாவுக்கு நாளொன்றுக்கு 1,250 மில்லிகிராம் போயிருக்கிறது. மூன்றரை பெரிய வாழைப்பழத்துக்குச் சமம். வாழைப்பழம் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லலாம். குழம்பில் கரைந்த உப்பை யார் பார்ப்பது?

அந்த உப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. முன்பே பக்கவாதம் வந்தவர்களும், ரத்த அழுத்தம் உள்ள வயதானவர்களும்தான் அதில் இருந்தார்கள். பொட்டாசியம் கலந்த உப்பு சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் அந்த வகை உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை கிடையாது என்று அதிலேயே இருக்கிறது. என் கணவருக்குச் சரியான உப்பு, அவருடைய அப்பாவுக்கு ஆபத்தான உப்பு. இரண்டு பேரும் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள்.

அங்கேதான் இந்த வேலை ஆரம்பித்தது. ஒரே அடுப்பில் சமைத்து இரண்டு பேருக்கும் அவரவர் அளவு வர வேண்டும்.

முதலில் அந்த அளவு என்ன என்று தெரிய வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3,500 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்வது குறைந்தது 3,510. இது என் கணவருக்கு. மாமாவுக்கு மருத்துவமனையின் உணவு ஆலோசகர் 2,000-க்குள் என்று எழுதிக் கொடுத்தார். இது மாமாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கொடுத்த எண். சிறுநீரகக் கோளாறு உள்ள எல்லோருக்கும் இதே எண் இல்லை. பொட்டாசியம் ஏறாத நோயாளிக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையும் இல்லை என்று அவரே சொன்னார்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பின் தாளம் தவறும். நாம் சாப்பிடுவதில் சுமார் 90 சதவீதத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. மடை திறந்திருந்தால் எவ்வளவு வந்தாலும் வயல் தாங்கும், மடை அடைத்துக்கொண்டால் வரத்தைத்தான் குறைக்க வேண்டும். மாமாவுக்கு இதைச் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். ஏரிப் பாசனம் பார்த்தவர்.

என் கணவருக்குக் கூட்டுவதற்கு முன்னால் அவருக்கும் கிரியாட்டினின் பார்த்தோம். 0.9. அவர் சாப்பிடும் அம்லோடிபின் பொட்டாசியத்தை ஏற்றாத மாத்திரை. மாமா சாப்பிடும் டெல்மிசார்டன் ஏற்றக்கூடியது, அதை டாக்டர் பாதியாகக் குறைத்தார். குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்றும் தூள் ஐந்து நாளைக்குக் கொடுத்தார். இந்த மாத்திரை விஷயத்தை யாரும் தாங்களாகவே முடிவு செய்யக் கூடாது.

அடுப்படிக்கு ஓர் எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன், 450 ரூபாய். ஒரு நோட்டு போட்டேன், இடது பக்கம் மாமா, வலது பக்கம் என் கணவர். ஒவ்வோர் உணவிலும் எவ்வளவு இருக்கிறது என்பதற்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. 528 உணவுகளுக்கு நம் நாட்டு மாதிரிகளையே எடுத்து அளந்தது. ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் மாறும் என்பதால் நான் எல்லாவற்றையும் பத்துக்கு முழுமையாக்கிக்கொண்டேன். இனி மில்லிகிராம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதாமல் எண்ணை மட்டும் சொல்கிறேன். ஒரு பொருளுக்கென்று சொல்லும் எண் சமைப்பதற்கு முன் உள்ள 100 கிராமுக்கு, ஒரு வேளைக்கென்று சொல்வது சாப்பிட்ட அளவுக்கு.

முதல் வாரம் எதையும் மாற்றாமல், கணவர் வழக்கமாகச் சாப்பிடுவதை மட்டும் எழுதினேன். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, 320. மதியம் வடித்த சோறு, சாம்பார், ஒரு பொரியல், தயிர் எல்லாம் சேர்ந்து 880. இரண்டு வேளைக் காபிக்குப் பால் வழியாக 300. ராத்திரி தோசை, கொஞ்சம் மல்லாட்டைச் சட்னி, 390. மொத்தம் 1,900-க்குக் கொஞ்சம் குறைவு. வயிறு நிறையச் சாப்பிடுகிற மனிதர், வேண்டியதில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறார்! காரணம் அரிசி. அரிசியில் 100 கிராமுக்கு 110 கூட இல்லை, கஞ்சி வடித்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. இட்லி, தோசை, சோறு என்று தட்டு முழுக்க அரிசியாக இருந்தால் பொட்டாசியம் எங்கிருந்து வரும்?

இடது பக்கத்தைப் பார்த்தால் நேர் எதிர். மாமா வீட்டில் எல்லோரையும்விட நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர். இரண்டு வேளை கேழ்வரகுக் களி, தினம் கீரைக் கடைசல், சாம்பாரில் அடி வரை வழித்த பருப்பு, சாப்பிட்டதும் ஒரு வாழைப்பழம். கேழ்வரகு 440. முளைக்கீரை, சிறுகீரை 600 பக்கம். துவரம் பருப்பு 1,300-க்கு மேல். வாழைப்பழம் 350. இதற்கு மேல் உப்பில் 1,250. போன மாதங்களுக்கு நினைவிலிருந்து கணக்குப் போட்டபோது 4,000-ஐத் தாண்டியது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் சாப்பிட்ட ஒவ்வொன்றும் நல்ல சாப்பாடு என்று நானே பார்த்துப் பார்த்துப் பரிமாறியது.

உப்பு டப்பாவிலிருந்து ஆரம்பித்தோம். அந்த உப்பு வீட்டை விட்டே போனது. கணவருக்கு மட்டும் தனியாகப் போடலாமே என்று தோன்றியது. ஆனால் அவசரத்தில் கை மாறினால் என்ன ஆகும்? சாதா உப்பையே ஆளுக்கு 5 கிராம் அளவுக்கு இறக்கினோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயின. மாமாவுக்கு நாட்டுச் சர்க்கரை நல்லது என்று உறவினர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சர்க்கரை நோய்க்காரருக்கு அதுவே வேண்டாம், வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் பொட்டாசியம் வேறு இருக்கிறது. அதையும் எடுத்து வைத்தேன்.

அடுத்தது காய்கறி. நறுக்கி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பொட்டாசியம் இறங்கிவிடும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். வேலூரில் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் நடந்தது இங்கேதான், சிஎம்சி மருத்துவமனையில். அதற்குப் பிறகு சிறுநீரக வைத்தியத்துக்கென்றே வந்து தங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர் இது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட ஒரு பத்தியம் சொல்வார். ஊறவைத்தால் போகுமா, வேகவைத்தால் போகுமா, எவ்வளவு போகும் என்று நானே பார்க்க ஆசைப்பட்டேன்.

வீட்டில் பொட்டாசியத்தை அளக்கக் கருவி இல்லை. டிடிஎஸ் பேனா இருக்கிறது. எங்கள் ஊர் போர்த் தண்ணீரின் உப்புக்கு அது இல்லாமல் முடியாது, 250 ரூபாய். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் மொத்தமாகக் காட்டும், பொட்டாசியத்தைத் தனியாகக் காட்டாது. ஆனால் உருளைக்கிழங்கின் தாது உப்புகளில் பெரும்பங்கு பொட்டாசியம்தான். அதனால் வேகவைத்த தண்ணீரில் அளவு ஏறினால், கிழங்கிலிருந்து பொட்டாசியம் இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் போர்த் தண்ணீரே 1,100 காட்டும், அதில் செய்தால் ஒன்றும் புரியாது. கேன் தண்ணீர் 45 காட்டியது, அதை எடுத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு பாத்திரம், ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் தண்ணீர், 250 கிராம் உருளைக்கிழங்கு. முதல் பாத்திரத்தில் தோலோடு முழுக் கிழங்கு, வேகவைத்தது. இரண்டாவதில் தோல் சீவி விரல் அகலத்துக்கு நறுக்கிய துண்டுகள், முந்தைய நாள் ராத்திரியே போட்டு வெறுமனே ஊறவைத்தது. மூன்றாவதில் அதே அளவுத் துண்டுகள், 12 நிமிடம் கொதித்தது. நாலாவதில் தேங்காய்த் துருவலைப் போலத் துருவி வேகவைத்தது. ஆவியாகிப் போன தண்ணீரைத் திரும்ப இரண்டு லிட்டருக்கு ஊற்றி, நன்றாக ஆறவைத்து, அப்புறம்தான் பேனாவை விட்டேன். சூட்டில் விட்டால் தப்பாகக் காட்டும். என் மகள் எட்டாம் வகுப்பு, அவள் எழுதிக்கொண்டாள்.

தோலோடு வெந்தது 80. ராத்திரி முழுக்க ஊறினது 95. துண்டுகளாகக் கொதித்தது 440. துருவிக் கொதித்தது 620.

ஊறவைத்த பாத்திரத்தின் எண்ணைப் பார்த்து மகள் இரண்டு தடவை பேனாவைக் கழுவி விட்டுப் பார்த்தாள். 95-தான். பத்து மணி நேரம் ஊறியும் கேன் தண்ணீரைவிட 50-தான் கூட. கொதித்தது 12 நிமிடத்தில் 400 அளவுக்கு ஏற்றிவிட்டது. செல்லின் சவ்வு உடையாமல் உள்ளே இருப்பது வெளியே வராது. பச்சைத் தண்ணீர் நறுக்கிய முகத்தில் இருப்பதை மட்டும் கழுவுகிறது, சூடுதான் சவ்வை உடைக்கிறது. அமெரிக்காவில் 2008-ல் உருளைக்கிழங்கை வைத்து இதையே ஆய்வுக்கூடத்தில் சரியாக அளந்திருக்கிறார்கள். வெறுமனே ஊறவைத்ததில் சொல்லும்படி குறையவில்லை. துண்டுகளாக வேகவைத்ததில் பாதி போனது, துருவி வேகவைத்ததில் முக்கால்வாசி போனது. என் நாலு பாத்திரமும் அதே வரிசையில் நின்றன. ராத்திரி ஊறவைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் காலையில் அதையே வதக்கிச் சாப்பிடும் வீடுகள் நிறைய இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அன்றிலிருந்து மாமாவின் காய் நறுக்கியதும் நிறையத் தண்ணீரில் கொதிக்கும், வடியும், அப்புறம்தான் தாளிப்புக்குப் போகும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரோடு கிளறினால் பயன் இல்லை.

வடித்த தண்ணீரை என்ன செய்வது? முதல் நாலு நாள் கொட்டினேன். ஐந்தாவது நாள் கொட்டப் போகும்போது கை நின்றது. மாமாவுக்கு வேண்டாதது எதுவோ அதுதானே என் கணவருக்கு வேண்டும்! அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தேன். கத்திரிக்காய் வேகவைத்தது, கோஸ் வேகவைத்தது எதுவானாலும் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டால் ரசம் நன்றாகவே இருக்கிறது. அவர் பங்குக்கு 100 அளவு கிடைக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறேன். பெரிய தொகை இல்லை. ஆனால் அப்பாவின் காயிலிருந்து இறங்குவது மகனின் ரசத்துக்குப் போகிறது என்பது எனக்கு மனசுக்கு நிறைவாக இருக்கிறது. மாமாவின் ரசம் மட்டும் சின்னக் கிண்ணத்தில் தனியாக, புளி குறைத்து, எலுமிச்சை பிழிந்து.

கத்திரிக்காய் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் எங்கள் பக்கத்துக் காய், புவிசார் குறியீடு வாங்கியது. மாமா அதைப் பயிர் வைத்தவர். அதைக் கொதிக்கவைத்து வடித்து முதல் தடவை கடைசல் செய்தபோது ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "இன்னாம்மா இது, காயைக் கொன்னுட்டே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சாறு போன காய்க்கு உப்பும் குறைவு என்றால் என்ன ருசி இருக்கும்? மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். நாலாகக் கீறி ஏழு நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போகவிட்டு, நல்லெண்ணெயில் ஆறு பல் பூண்டும் காய்ந்த மிளகாயும் சிவந்த பிறகு அதில் போட்டுக் கருக வதக்கிக் கடைந்தால் ருசி திரும்புகிறது. ஈரத்தோடு எண்ணெயில் போட்டதுதான் முதல் இரண்டு தடவை செய்த தவறு. நாலாவது தடவை தட்டு காலியானது. நேதாஜி மார்க்கெட்டில் இப்போது மாமாவுக்கென்று பீர்க்கங்காய், சுரைக்காய், சௌசௌ, கோஸ் வாங்குகிறேன். இவை எல்லாம் 120-லிருந்து 170-க்குள் இருப்பவை, வடித்தால் இன்னும் குறையும்.

கீரையில் தோற்றேன். வேகவைத்து வடித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு கட்டுக் கீரை வெந்தால் ஒரு பிடிதான் மிஞ்சுகிறது. பாதி இறங்கினாலும், அந்தப் பிடிக்குள் ஒரு கட்டின் மீதிப் பாதி இருக்கிறதே. தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் இது புரிந்தது. மாமாவுக்குக் கீரை பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டு கரண்டி என்று ஆனது. பருப்பு நாளைக்கு 20 கிராம், அதற்கு மேல் இல்லை.

களிதான் பெரிய பேச்சுவார்த்தை. 71 வருடம் களி சாப்பிட்டவரிடம் அதை எடுத்துவிட்டுச் சோறு போட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்கிறார், ராத்திரி பசிக்கிறது என்கிறார். வேளைக்கு 100 கிராம் மாவு, 440. எங்கள் பக்கத்துக் களியில் முதலில் அரிசி நொய்யை வேகவைத்து, அதன் மேல் மாவைக் கொட்டி, மூடிவைத்து, அப்புறம் களிக்கோலால் கிண்டுவோம். வழக்கமாக நொய் கொஞ்சம், மாவு நிறைய. அந்த விகிதத்தைத் திருப்பிப் போட்டேன். நொய் 70 கிராம், மாவு 30 கிராம். 75-ம் 135-ம் சேர்ந்து 210. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நிறம் வெளுத்துத்தான் போனது. உருண்டை பிடிக்க வரவில்லை, நொய் குழைய வெந்தால்தான் பிடிக்க வருகிறது, அதனால் தண்ணீரை அரை டம்ளர் கூட்டினேன். முதல் நாள் உருண்டையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மழை இல்லாத வருஷத்துக் களி மாதிரி இருக்குது" என்றார். ஆனால் சாப்பிட்டார். இப்போது ராத்திரி ஒரு வேளை அதுதான்.

எடுத்த மாவு மகனுக்குப் போனது. ராத்திரி தோசைக்குப் பதில் முழு மாவுக் களி, அதில் 190 கூடியது. தினம் 100 கிராம் கீரைக் கடைசல், வேகவைத்த தண்ணீரோடு சேர்த்துக் கடைந்தது, 600. சாயங்காலம் ஒரு கொய்யா, 400. வறுத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, 200. ரசத்தில் 100. மொத்தம் 3,400 அளவில் நிற்கிறது. எஞ்சிய நூறுக்குச் சில நாள் ஒரு சின்ன வாழைப்பழம். மாத்திரை, பவுடர், விலை உயர்ந்த பழம் எதுவும் தேவைப்படவில்லை. பொட்டாசியம் என்றாலே வாழைப்பழம் என்று எல்லோரும் சொல்கிறோம். எடைக்கு எடை பார்த்தால் கீரையும் கொய்யாவும் அதைவிடக் கூட.

இரண்டு பக்கமும் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது மே மாதம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனோம். கத்திரி வெயில். எங்கள் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. உறவினர் வீட்டில் மாமாவைப் பார்த்ததும் அன்போடு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது இன்னொன்று. நான் கூட்டத்தில் மகளைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய காய் ஒன்றில் 400 மில்லி தண்ணீர் இருக்கும். 100 மில்லிக்கு 210-லிருந்து 250. இரண்டு காய் என்றால் அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிட வேண்டியது அதிலேயே போய்விட்டது. மறுநாள் காலையிலேயே ரத்தம் எடுத்தோம், 5.6. திரும்ப அந்தத் தூள், இரண்டு நாள். அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. இளநீர் குளிர்ச்சி, நோயாளிக்கு நல்லது என்றுதான் நாம் எல்லோரும் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இளநீரும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டுதான் பார்க்கப் போகிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இரண்டையும் வாங்காதீர்கள். ஓர் ஆப்பிள் வாங்குங்கள், அதில் 110-தான்.

அதன் பிறகு மாமாவின் சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை வைத்தேன். இளநீர், வாழை, கொய்யா, பலா, கீரை வேண்டாம் என்று பெரிய எழுத்தில். வெளியூர் போனால் அவரே எடுத்துக் காட்டுகிறார்.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு மார்ச்சில் 5.2, ஏப்ரலில் 4.8, இளநீர் நாளில் 5.6, ஜூன் கடைசியில் 4.7. இதில் மாத்திரையைக் குறைத்ததற்கும் பங்கு உண்டு, உப்பை மாற்றியதற்கும் பங்கு உண்டு. காயை வடித்ததற்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கால் பலம் திரும்பியிருக்கிறது, மாடிக்கு அவரே ஏறுகிறார். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகம் தளரும்போது குடல் வழியாகவும் ஒரு பங்கு பொட்டாசியம் வெளியேறுமாம். கணவருக்கு ஜூனில் 132/84, அதே மாத்திரை, அதே அளவு. உப்பு குறைந்ததும் பொட்டாசியம் கூடியதும் சேர்ந்துதான்.

ஆடி முதல் வெள்ளி, தெரு முனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மாமா காலையிலிருந்தே வாசலில் உட்கார்ந்திருந்தார், என்னைக் கேட்கவில்லை. நானே போய், கூழுக்கு எத்தனை படி மாவு போட்டார்கள், எத்தனை குடம் ஆனது என்று ஊற்றுகிறவர்களிடம் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு டம்ளரில் 25 கிராம் மாவுக்கு மேல் வராது, 110. முருங்கைக்கீரைப் பொரியலை மட்டும் கையால் மறைத்துவிட்டு, பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டு ஒரு டம்ளர் நிறையக் குடித்தார். அன்று ராத்திரி களி உருண்டையைப் பாதியாக்கி, இடது பக்கத்தில் எழுதினேன்: கூழ் 110, களி 105.

அடுத்த பரிசோதனை ஆவணியில். அதற்குள் சேனைக்கிழங்கைத் துருவி வேகவைத்து டிடிஎஸ் பார்க்க வேண்டும். மாமா கேட்டிருக்கிறார்.